பெரியவர் கேட்ட ஒரு கல் இடம்

மேஸ்திரிக்கு முழங்கால் போனதிலிருந்து மத்தியானத் தூக்கம்தான் உத்தியோகம். வாழ்நாள் முழுக்க மண்டிபோட்டு ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டிய மனுஷன். முட்டி என்ன இரும்பிலா செஞ்சிருக்கு? பின்கதவோரம் பாயைப் போட்டுச் சாய்ந்தால், ஆமைத் தொட்டித் தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி கிடப்பார், கண் எப்போது சொருகியது என்று அவருக்கே தெரியாது. கனவிலும் தரைதான் வரும். மேடு பள்ளம் இல்லாத வழவழப்பான தரை, நடக்க நடக்க நீண்டுகொண்டே போகும். அவர் வெறுங்காலோடு அதன்மேல் நடந்துகொண்டே இருப்பார். கனவில் முட்டி வலிப்பதில்லை.

விழித்தால் எதிரே அவருடைய பின்முற்றம். வேலை பார்த்த வீடுகளில் மிஞ்சிய கற்களைக் கேட்டு வாங்கி வந்து ஒட்டியது. நீலம் ஒரு வக்கீல் வீட்டுக் குளியலறை, பச்சை ஒரு பேக்கரியின் வாசல், கறுப்பு ஒரு நகைக்கடையின் மாடிப்படி. எந்தக் கல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சுவரோரம் எறும்பு நுழையும் இடுக்கு தெரிந்தாலும் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அடைத்துவிடுவார். "வீட்டுக்குள்ள மண்ணு தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்குய்யா மேஸ்திரி?" என்பார்.

தரை போட்ட புதிதில் அவர் மனைவி ஒன்று கேட்டாள். வெயில் விழுகிற மூலையில் ஒரே ஒரு கல் அளவுக்கு மண்ணை விடச் சொன்னாள், எலுமிச்சைக் கன்று வைக்க. "செடி வெச்சா வேர் ஓடும், வேர் ஓடினா தரை தூக்கும். போடி பைத்தியக்காரி" என்று சிரித்துவிட்டு, அந்த மூலைக்கென்றே நல்ல மஞ்சள் கல்லாகத் தேடி ஒட்டினார். அவளும் கேட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவளுக்கும் தரை பிடித்துப்போய்விட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார். புருஷன்மார் புத்தி அப்படித்தானே ஓடும்!

ஆமை, மகள் விட்டுப்போனது. நாணய அகலத்துக்கு வாங்கி வந்தாள். கல்யாணமாகிப் போகும்போது அது சாப்பாட்டுத் தட்டளவு இருந்தது. சுருங்கிய கழுத்தும், யாரையும் மதிக்காத பார்வையும், அசல் மேஸ்திரியின் அப்பாவேதான். அதனால் பெயர் பெரியவர். "மாமா உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு சாந்தமா இல்ல" என்று மனைவி தீனி போடுவாள். காலையில் அவள் சலவைக்கடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டால், பகல் முழுக்க வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கட்டிய மனைவியிடம் பேசியதைவிட அதனிடம் அவர் அதிகம் பேசியிருப்பார்.

அப்படியிருக்க, ஒரு மத்தியானம் கனவுத் தரைக்கு அடியிலிருந்து யாரோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. சரக், சரக். மேஸ்திரி கனவிலேயே குனிந்து கல்லைத் தட்டிப் பார்த்தார். உள்ளே யாரோ இருந்தார்கள். மறுநாளும் அதே சத்தம். அதற்கடுத்த நாள் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே விழிப்பு வந்துவிட்டது. பெரியவர் தொட்டியை விட்டு இறங்கி, மஞ்சள் கல்லின்மேல் நின்று, பின்னங்காலால் மாற்றி மாற்றிப் பிறாண்டிக்கொண்டிருந்தார். கல்லில் ரத்தக் கீறல். தொட்டியில் போட்ட தீனி தொடாமல் ஊறிக் கிடந்தது.

மேஸ்திரி கூடையில் துணி விரித்து, நொண்டி நொண்டி, மூச்சிரைக்க மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டரம்மா தூக்கிப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். வெளிச்சப் பலகையில் வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள்.

"பேரு என்ன சொன்னீங்க?"

"பெரியவர்."

"பெரியவர் பொம்பளைங்க. வயித்துல முட்டை இருக்கு."

"ஐயய்யோ! துணைக்கு ஒரு ஆமைகூட கிடையாதேம்மா!"

"கோழி மாதிரிதான். துணை இல்லாட்டியும் முட்டை வரும், குஞ்சு வராது. ஆனா போட்டாகணும். உள்ளேயே தங்கிட்டா அழுகி உயிருக்கே ஆபத்து." ஊசி போடும்போது டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனாள்: வெயில் பத்தாது, சுண்ணாம்புச் சத்து குறைவு, தள்ளத் தெம்பில்லை. "தோண்டறதுக்கு இடம் இல்லாட்டி இதுங்க அடக்கிக்கிட்டே இருக்கும். வீட்டுல மண்ணு எங்க இருக்கு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மண்ணு... இல்லம்மா. நான் டைல்ஸ் மேஸ்திரி."

"அப்போ ஒரு அகலத் தொட்டியில ஈரமணல் போட்டு விடுங்க. ரெண்டு மூணு நாள் பார்ப்போம். இல்லேன்னா ஆபரேஷன்தான். இந்த வயசுக்குத் தாங்குமான்னு நான் சொல்ல மாட்டேன்."

மணல் வந்தது. பெரியவரை அதில் இறக்கிவிட்டார். பெரியவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, விளிம்பில் ஏறித் தொப்பென்று விழுந்து, நேரே மஞ்சள் கல்லுக்குப் போய்விட்டார். இவர் திரும்பத் தூக்கி விட்டார், அவர் திரும்பப் போனார். மேஸ்திரி கெஞ்சினார், திட்டினார், கடைசியில் "அம்மா தாயே" என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தார். சரக், சரக். அந்தச் சத்தமும் வரவரச் சோர்ந்துகொண்டே வந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் சத்தமே இல்லை. அந்த அமைதிதான் அவரை எழுப்பியது. பெரியவர் மஞ்சள் கல்லின்மேல் கழுத்தை நீட்டிப் போட்டுக் கிடந்தார். தொட்டால் கண்ணை மட்டும் திறந்தார். சுற்றிலும் கற்கள் வெயிலில் பளபளத்தன. அவ்வளவு அழகான தரையை அன்றைக்குத்தான் மேஸ்திரி முதல்முறையாக வெறுத்தார்.

உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்து மண்டிபோட்டார். முட்டி அலறியது. சொந்த வீடாச்சே என்று அன்றைக்குச் சிமெண்டைத் தாராளமாக வேறு போட்டுத் தொலைத்திருந்தார். "எந்தக் கடன்காரன்டா இவ்வளவு கெட்டியா ஒட்டினான்!" என்று தன்னையே வைதுகொண்டு, வியர்வையும் கண்ணீருமாக அடித்தார். கல் இரண்டாகப் பிளந்தது. அடிக்கலவை பெயர்ந்தது. அதற்கும் கீழே, கறுப்பாக, ஈரமாக, இத்தனை வருஷம் மூடிக் கிடந்த மண். அந்த வாசனை முற்றம் முழுக்க எழுந்தது. பெரியவர் கழுத்தைத் தூக்கினார்.

மனைவி வேலை முடிந்து வந்தபோது பொழுது சாய்ந்து வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. மேஸ்திரி வாயில் விரலை வைத்துக் காட்டினார். அவளும் கைப்பையோடு அப்படியே அருகில் உட்கார்ந்தாள். குழிக்குள் பின்பக்கத்தை இறக்கி நின்ற பெரியவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு முட்டை விழுந்தது. பின்னங்கால் அதை மெல்லத் தடவி ஒதுக்கியது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு தடங்கல் இல்லாமல் வந்தன. நேரம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் இருவருக்கும் மறந்துபோயிற்று. கடைசியில் பெரியவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தொட்டிக்கு நடந்தார். தீனியைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"பொழைச்சுக்கிச்சு" என்றார் மேஸ்திரி.

மனைவி பிளந்த மஞ்சள் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கல்லில் இருந்த கீறல்களை விரலால் தடவினாள்.

"நான் வாயால கேட்டேன்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "எனக்கு நகத்தால கேக்கத் தெரியல."

மேஸ்திரி மண்ணில் கிடந்த உளியைத் தேடி எடுத்தார். இன்னொரு முறை மண்டிபோட்டு, பக்கத்துக் கல்லின் ஓரத்தில் வைத்தார். நகைக்கடை மாடிப்படியின் கறுப்புக் கல்.

"ஐயோ, உங்க முட்டி! விடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"இல்லம்மா. பெரியவர் திரும்ப முட்டை போட வருவாங்களாம், டாக்டரம்மா சொன்னாங்க. அந்த இடம் அவங்களுக்கு" என்றார் மேஸ்திரி. "இது உன் எலுமிச்சைக்கு."

சுத்தியல் விழுந்தது. அவள் தடுக்கவில்லை, தெறித்த சில்லுகளைப் பொறுக்கித் தன் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே இருந்தாள்.