கோமதி போட்ட ஹார்ட்

போன வாரம் சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். மாணவர்களே நடத்தும் மாதப் பத்திரிகை... நாலு பக்கம், கூடவே ஓர் இன்ஸ்டா பக்கம். சோஷியல் மீடியாவில் எப்படி நடந்துகொள்வது என்று அந்தக் குழுவுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். நானா? கட்டைவிரல் எமோஜிக்கும் கும்பிடு எமோஜிக்கும் நடுவில் இன்னும் தடுமாறுகிறவள் நான்!

போனால், அங்கே யார் முகத்திலும் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். பத்திரிகையின் ஆசிரியர் கோமதி. (கோமதி அம்மன் குடியிருக்கும் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கோமதி மேல்தான் விழ வேண்டும்.) மூன்றாம் ஆண்டு மாணவி. மாணவர் பேரவைத் தேர்தல் செய்திகளை எழுதுவதும் அவள்தான். அவளுடைய சொந்த இன்ஸ்டா, பத்திரிகையின் இன்ஸ்டா — இரண்டும் ஒரே போனில்.

நான் போனதற்கு முதல் நாள் சாயங்காலம், கோமதி வீட்டுக்குப் போகும் வாசுதேவநல்லூர் பஸ். ஜன்னல் சீட். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி, சாரல் முகத்தில் பட்டும் படாமலும்... அந்த நேரத்தில் உலகத்தில் எல்லோருமே நல்லவர்களாகத் தெரிவார்கள், இல்லையா? போனில் ஒரு போட்டோ வந்தது. பேரவைத் தலைவர் பதவிக்கு நிற்கும் செல்வம், கல்லூரி மைதானத்தில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோமதி கமெண்ட்டில் ஒரு சிவப்பு ஹார்ட் போட்டாள்.

போனது பத்திரிகையின் பெயரில்!

அது தெரியாமல், மலையைப் பார்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள், பாவம். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் கல்லூரி முழுக்கச் சுற்றிவிட்டது.

காலையில், செல்வத்தை எதிர்த்து நிற்கும் ஷமீமா வந்துவிட்டாள்.

"ஏட்டி கோமதி, ஒங்க பேப்பரு யாருக்கு ஓட்டு கேக்கு? இனி என்னயப் பத்தி என்ன எழுதுனாலும் எவ நம்புவா?"

நியாயமான கேள்விதானே? பொறுப்புப் பேராசிரியரும் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் விளக்கம் வராவிட்டால், இன்ஸ்டா பக்கத்தையே மூடிவிடுவாராம்.

"பேஜை எவனோ ஹேக் பண்ணிட்டாம்னு போட்டுருவோம்ட்டி. சோலி முடிஞ்சுது" என்றாள் துணை ஆசிரியை.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது! நடத்தை சொல்லிக்கொடுக்க வந்தவள் லட்சணத்தைப் பாருங்கள்.

கோமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய்ச் செய்தியப் பரப்பாதீங்கன்னு நாமதான எல்லார்ட்டயும் சொல்லுதோம்... இப்ப நாமளே போடவா?"

"அப்பம் உண்மையச் சொல்லப் போறியா? காலேஜே சிரிக்கும்ட்டி. வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்" என்றாள்.

அந்த வயதில், அந்த ஊரில், ஒரு பெண் இதைப் பெயர் போட்டுச் சொல்வது லேசான காரியமா? நம் ஆசை வேறு, நாம் எழுதும் பத்திரிகை வேறு என்று மேடையில் ஆயிரம் பேசலாம். இரண்டும் ஒரே போனில் கிடக்கின்றனவே... மேகம் பார்க்கிற மனசுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

சாயங்காலம், ஊர் திரும்பும்போது அந்தப் பதிவு வந்தது.

"திருத்தம்: நேற்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேட்பாளரின் படத்துக்குப் போன ஹார்ட் பத்திரிகையுடையது அல்ல. என்னுடையது. இனி இந்தத் தேர்தல் செய்திகளை நான் எழுத மாட்டேன். — கோமதி, ஆசிரியர்."

காதலைச் சொல்ல எத்தனையோ வழி பார்த்திருக்கிறேன்... திருத்தம் வெளியிட்டுச் சொன்னவளை இப்போதுதான் பார்க்கிறேன்!