நாட்டுக்கு உழைக்கும் கேதீஸ்வரன்

"தங்கச்சி, இண்டைக்கு ஆர் லீவு?"

காலையில் இயந்திரத்தில் விரலை வைத்து வரவைப் பதிந்தவுடன் கேதீஸ்வரன் கேட்கிற முதற் கேள்வி இது. அக்கறையினால் அல்ல; உட்காரக் கிடைக்கும் கதிரைக்காக. குடாநாட்டில் அவர் வேலை செய்யும் அரசாங்க அலுவலகத்தில் (எதுவென்று நான் சொல்லப் போவதில்லை) அபிவிருத்தி உத்தியோகத்தர்களின் தொகை கதிரைகளின் தொகையை எப்போதோ தாண்டிவிட்டது. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவருடைய முகம் மலரும். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாவிட்டால் 'வெளிக்கள வேலை' என்று எழுதி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நாட்டின் பொருளாதாரம் கட்டியெழுப்பப்படுவது அந்த நாட்களில்தான்.

வல்வெட்டித்துறையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. நாற்பதை நெருங்கும் வயது. வெள்ளைச் சேட்டு, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. கோயில் திருவிழாவில் வெறும் மேலோடு வடம் பிடித்தபோதும் அந்த அட்டை நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது.

பொருளியல் பட்டதாரி. பட்டம் கிடைத்துப் பல வருடம் சும்மா இருந்தார். சும்மா என்பதும் பிழை. வேலையில்லாப் பட்டதாரிகள் மாவட்டச் செயலகக் கச்சேரி வாசலில் கொட்டகை போட்டுக் குந்தியிருந்த காலத்தில் கோஷம் எழுப்பியவர் அவர்தான். நல்ல குரல். "அரசே, வேலை கொடு!" என்று அவர் தொடங்கினால் பஸ்ஸில் போகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு தேர்தல் நெருங்கியபோது அரசு கொடுத்தது. என்ன வேலை என்று அதற்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: அரசாங்க வேலையை எதிர்பார்க்காமல் சொந்தத் தொழில் செய்யும்படி இளைஞர்களை ஊக்குவிப்பது.

அதை அவர் கூச்சமே இல்லாமல் செய்கிறார்.

"பிள்ளையள், கேளுங்கோ. அரசாங்க வேலை, அரசாங்க வேலை எண்டு வாயைப் பாத்துக்கொண்டு இருந்துதான் இந்த நாடு விழுந்தது. மனநிலை மாறோணும். பொருளுக்குப் பெறுமதி சேர்க்கோணும்."

கடற்கரையில் கருவாடு காயவைக்கும் லூர்த்தம்மாவிடம் போய், "அம்மா, நீங்கள் செய்யிறது பெறுமதி சேர்த்த கடலுணவு" என்று அவர் விளங்கப்படுத்தியது எனக்குத் தெரியும். "கருவாடு எண்டு சொல்லுறதுக்கு என்ன வெக்கம் தம்பி?" என்று லூர்த்தம்மா கேட்டாள்.

ஆனால் அவருக்குத் தெரிந்த சொந்தத் தொழில் ஒன்றே ஒன்றுதான்: தையல். எங்கள் கரையோரப் பெண்களுக்குத் திரும்பத் திரும்பத் தையல் பயிற்சி கொடுத்து, முடிவில் ஆளுக்கொரு மெசினும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மெசினுக்கு மேலே தொலைக்காட்சி இருக்கிறது. இன்னொரு வீட்டில் கோழி அடைகாக்கிறது. ஊரில் உடுப்புத் தைப்பிக்கிறவர்களை விடத் தைக்கப் பழகியவர்கள் கூடிப் போனார்கள்.

மனைவி நிவேதனாவும் பட்டதாரிதான். கொட்டகையில் கோஷத்துக்கு நடுவே காதலித்தவர்கள். நியமனம் வந்தபோது அவளுடைய பெயர் வரவில்லை. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு மயிலிட்டிப் பக்கம் ஒரு நண்டுக் கொம்பனியில் கையுறை மாட்டிக்கொண்டு நண்டு உடைக்கப் போனாள். இன்று அங்கே ஏறக்குறைய நாற்பது பெண்களுக்கு மேற்பார்வையாளர் அவள். அவர்கள் உடைத்தெடுக்கும் சதை விமானத்தில் ஏறி வெளிநாட்டுக்குப் போகிறது. அந்த வீட்டில் நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிற ஆள் அவள் ஒருத்திதான்.

கேதீஸ்வரனோ, "நிவே ஒரு கொம்பனியிலை கணக்குப் பகுதியிலை இருக்கிறா" என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். மழை நாளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டாலும் கொம்பனி வாசலுக்குப் போகமாட்டார். முந்திய வளைவிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

இந்த ஆனி மாதம் கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி அம்மா வருவதாக அறிவித்தல் வந்தது. பயிற்சி பெற்று முன்னேறிய பெண் ஒருத்தியை அவர் பார்க்க வேண்டுமாம். கேதீஸ்வரன் தேடினார். மெசின்கள் இருந்தன, முன்னேறியவர்கள் இல்லை. அன்று பின்னேரம் வேலிக்கு அப்பால் அவரும் நிவேதனாவும் கதைப்பது கேட்டது.

"நீங்கள் எனக்கு என்ன பயிற்சி தந்தனீங்கள்?"

"அதை ஆர் கேக்கப் போகினம்? நீர் வந்து இரண்டு வசனம் சொல்லும். எனக்காக இல்லை, நாட்டுக்காக."

"வாறன். ஆனா உள்ளதைத்தான் சொல்லுவன்."

"உள்ளதையே சொல்லுமன்" என்றார் அவர். அவ்வளவு இலேசாக ஏன் ஒத்துக்கொண்டார் என்பது கூட்டத்தன்றுதான் விளங்கியது.

கூட்டம் சனசமூக நிலையத்தில் நடந்தது. தேநீரும் றோல்ஸும் தருவார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். மேலதிகாரிக்குச் சிங்களம் மட்டும்தான். கேதீஸ்வரன் அரசகரும மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவர். ஆகவே மொழிபெயர்ப்பு அவருடையது. நான் சிங்கள ஊரான குருநாகலில் கடையில் நின்ற ஆள் என்பது அவருடைய நினைவில் இருக்கவில்லை.

முன்னேற என்ன தடை இருந்தது என்று அந்த அம்மா கேட்டார்.

நிவேதனா எழுந்து நின்றாள். "நான் நண்டுக் கொம்பனியிலை வேலை செய்யிறன். தடை வீட்டிலைதான் இருந்தது. நான் நண்டு உடைக்கிறது என்ரை மனுசனுக்கு வெக்கம். கணக்குப் பகுதி எண்டு ஊருக்குச் சொல்லி வைச்சிருக்கிறார்."

சபையில் சிரிப்பு எழுந்தது. கேதீஸ்வரனின் கண் இமைக்கவில்லை. கணவரின் ஊக்கம்தான் தன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது என்று இவர் சொல்கிறார் என அழகான சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மா மகிழ்ந்து கைதட்டினார். நிவேதனாவின் துணிச்சலுக்குத்தான் தட்டுகிறார் என்று நினைத்துச் சபையும் தட்டியது.

சரி, இப்போது என்ன உதவி வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது.

"ஒரு பஸ்" என்றாள் நிவேதனா. "தாரிகா எண்டு ஒரு பிள்ளை. எங்களிலை அவள்தான் வலு கெட்டிக்காரி. விடியக் கருக்கலிலை றோட்டிலை நிண்டு, குடிவெறிகாரருக்குப் பயந்து பயந்து, போன மாதம் வேலையை விட்டிட்டாள். அவளைப் போலை இன்னும் கனபேர் விடப் போகினம். காலமை ஒரு பஸ் விட்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

கேதீஸ்வரன் கொஞ்சம் தயங்கினார். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். இதையாவது சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன்.

பெண்கள் இன்னும் கூடுதலாகத் தையல் பயிற்சி கேட்கிறார்கள் என்றார்.

வாசலில் வைத்து நிவேதனாவிடம் நடந்ததைச் சொன்னேன். உள்ளே மேலதிகாரியோடு படமெடுத்துக்கொண்டு நின்ற கணவரை அவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டில்தான் கேட்டாள், வேலிக்கு இப்பாலும் விழுகிற குரலில்.

"நான் பஸ் கேட்டனான்."

"பஸ் எங்கடை பிரிவுக்குள்ளை வராது நிவே. அது போக்குவரத்து. மெசின்தான் எங்கடை பிரிவு. வராததைக் கேட்டு என்ன பிரயோசனம்? வாறதைக் கேட்டன்."

அதன்பிறகு பல நாளாக அந்த வீட்டிலிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது.

மெசின்கள் வந்தன. தாரிகாவுக்கும் ஒன்று. "அக்கா, எனக்குத் தைக்கத் தெரியாது எண்டு சொன்னனான். அதுக்குத்தானே பயிற்சி எண்டு கேதீஸ் அண்ணை சொல்லுறார்" என்று அவள் வந்து முறையிட்டாள். நிவேதனா சிரித்தது கூட்டத்துக்குப் பிறகு அன்றுதான். "வித்துப்போட்டு வா" என்றாள்.

தாரிகா விற்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விற்றார்கள். அந்தக் காசை முற்பணமாகக் கொடுத்து, மயிலிட்டியில் வான் ஓடுகிற ஜெறோமை நிவேதனா பேசி ஒழுங்கு செய்தாள். மாத வாடகையைப் பெண்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. தாரிகா திரும்ப வேலைக்குச் சேர்ந்தாள். அரசாங்கம் கொடுத்த தையல் மெசின்கள் இப்படியாக வான் ஆகின.

முதல் நாள் வான் வந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் பெண்கள் கதைத்துச் சிரித்தபடி ஏறினார்கள். கடைசியாக நிவேதனா ஏறினாள். அப்போது கேதீஸ்வரன் சேட்டுக்குத் தெறி பூட்டிக்கொண்டே ஓடிவந்து, தன் தொலைபேசியை என் கையில் திணித்தார்.

"அண்ணை, ஒரு படம் எடுங்கோ. மகளிர் போக்குவரத்து வசதி எண்டு மேலுக்கு அனுப்போணும்."

வானுக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கினார். "ஜெறோம், ஒரு நிமிசம் நிப்பாட்டும்! பிள்ளையள் எல்லாரும் இறங்கி வரிசையா நில்லுங்கோ!"

"ஜெறோம் அண்ணை, நீங்கள் வானை எடுங்கோ. நேரம் போகுது" என்ற நிவேதனாவின் குரல் கேட்டது. கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. ஜெறோம் வானைப் பின்னுக்கு எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, அவரைச் சுற்றிக்கொண்டு றோட்டில் ஏறினார்.

கேதீஸ்வரன் தூக்கிய கையோடு நின்றார். நான் இன்னும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். மறிப்பதற்குத் தூக்கிய அந்தக் கையை இறக்காமலே, வான் போகும் திசைக்குத் திரும்பி, மெல்ல மெல்ல அசைத்து, வழியனுப்பி வைக்கிறவர் போலப் புன்னகைத்தார்.