உப்புத் தண்ணீருக்கு மானியம்

அறுபதுகளின் தொடக்கத்தில் இராமநாதபுரம் கடலோரத்துப் பஞ்சாயத்து யூனியன் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். கூட்டங்களில் பேசுவதைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. என் அதிகாரி மீது பாதி, என் மீது மீதி.

திருப்பாலைக்குடிக்கு மேற்கே நாலைந்து மைலில் ஓர் ஊர். கண்மாய்த் தண்ணீரை நம்பித்தான் அங்கே வயல். அந்தக் கண்மாயின் மடை உடைந்து மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. பெய்த மழையெல்லாம் தங்காமல் ஓடை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்துச் சலித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பம்புசெட்டுக்கு மானியம் வந்தது. கிணறு வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் கொடுக்கும். ஊருக்கு மின்கம்பம் நட யூனியன் தன் பங்கைப் போட வேண்டும். யூனியனிடம் இருந்த நிதிக்கு ஒன்று கம்பம் நடலாம், அல்லது மடையைக் கட்டலாம். எது வேண்டும் என்று ஊரைக் கேட்க, பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

அதிகாரி முதலில் பேசினார். தேசம் முன்னேறுகிறது, கரண்ட் வந்தால் முப்போகம் விளையும் என்றார். மானியத்தை மார்ச் மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோதுதான் அவர் குரலில் உண்மையான கவலை தெரிந்தது. அடுத்து ஊரின் பெரிய நிலக்காரர் எழுந்து ஆமோதித்தார். அவருடைய கிணறு மேட்டு மணலில் இருந்தது. அந்த ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் கணவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் ஏழெட்டு வருஷமாகத் தகவல் இல்லை. கடைமடையில் இருந்த துண்டு வயலை அவளே ஏர் பிடித்து உழுது வந்தாள்.

"எங்க கெணத்துல கெடக்கிறது உப்புத் தண்ணி," என்றாள். "ஏத்தம் போட்டு இறைச்சாலும் உப்புத்தான், மோட்டார் போட்டு இறைச்சாலும் உப்புத்தான். வானம் குடுக்கிற நல்ல தண்ணி கடலுக்குப் போகுது. அதை நிப்பாட்டக் காசு இல்ல, உப்பை மேல ஏத்துறதுக்கு மானியமா?"

கூட்டத்தில் சிரிப்பு எழவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராக அவள் சொன்னதையே சொன்னார்கள். மடை வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கும்படி யாரோ சொல்ல, ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே போயின. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். படிக்காத ஜனங்கள், போகப் போகப் புரிந்துகொள்வார்கள் என்று நிலக்காரரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வழியில் என்னிடம், கம்பம் நட ஏகமனதாகத் தீர்மானம் என்று எழுதச் சொன்னார்.

நான் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அதுதான் காரணம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஊர்க்காரர் இருவரோடு அலுவலகத்துக்கு வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அன்றைக்குப் பேசியதை வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன். நாலு வரிதான்.

"நான் பேசுனது எங்கன தம்பி இருக்கு?"

நான் தீர்மானப் புத்தகத்தை மூடினேன்.

"அன்னைக்கு முன்னாடிதான உக்காந்திருந்தீக. காது கேக்கும்ல?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். ஒரு முழுத்தாளை எடுத்தேன். அன்றைக்குப் பேசியவை எல்லாவற்றையும், கை தூக்கியதையும் சேர்த்து, மனுவாக எழுதிக் கைநாட்டு வாங்கினேன். தபால் பதிவேட்டில் எண் போட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய பிறகுதான் அதிகாரியிடம் சொன்னேன். கிழித்துப்போட வேண்டியதுதானே என்று கத்தினார். எண் போட்டாகிவிட்டது சார் என்றேன்.

கம்பங்கள் வந்தன. ஊர்க் குடிசைகளை ஒட்டியே கம்பி போனது. ஒரு குடிசைக்கும் விளக்கு வரவில்லை. அது நேரே மேட்டுக் கிணற்றுக்குப் போய் நின்றது. நிலக்காரரின் மிளகாய்த் தோட்டம் சித்திரையிலும் பச்சையாக நின்றது. அவரைக் குறை சொல்லி என்ன? கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். கிணறும் பட்டாவும் கையில் முதலும் உள்ளவனுக்குத்தான் உதவி என்று விதி எழுதியவர்களைச் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி கிராம மக்கள் மின்கம்பமே வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானித்திருப்பதால் மடை வேலையைத் தற்போது பரிசீலிக்க இயலாது. என் வாசகத்தையே எடுத்து அவர்கள் முகத்தில் அடித்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை நானே சைக்கிளில் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். பொய்யாக எழுதியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கண்மாய்ப் பக்கம் திரும்பினாள்.

"சரி. இனி மனு வேணாம்," என்றாள். "ஆடி பொறக்கட்டும். நாங்களே கட்டிக்கிறோம்."

கட்டினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். பனந்தடியும் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். நான் லீவு போட்டு இரண்டு நாள் மண் சுமந்தேன். அரசாங்கக் கண்மாயில் அனுமதியின்றிக் கை வைத்ததற்கு ஊருக்கு ஒரு நோட்டீசும், உடன் இருந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோவும் வந்தன. அந்த ஐப்பசியில் கண்மாய் முக்கால் பங்கு நிறைந்தது. தையில் கடைமடை வரைக்கும் நெல் அறுத்தார்கள், அவளும் அறுத்தாள்.

என்னை மாரியூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கே மீனவர்களுக்கு இயந்திரப் படகு மானியம் பற்றிக் கூட்டம். சொந்த வள்ளம் உள்ளவர்கள் மட்டும் முன்னால் வந்து உட்காரலாம் என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். கூலிக்கு வலை இழுக்கிற முப்பது நாற்பது பேர் எழுந்து, வெளியே வெயிலில் போய் நின்றார்கள்.