கடல்நுரைப் பட்டாளம்

கம்பவுண்டர் உத்தியோகத்தில் மருந்து கலக்குவது பெரிய வித்தையில்லை. கலக்கிய மருந்தைத் தீரும்வரை ஒருவரைச் சாப்பிட வைப்பதுதான் வித்தை. அதிலும் நெஞ்சு நோய்க்கு மாதக்கணக்கில் தினம் ஒரு ஊசி என்று இருந்த அறுபதுகளில் எங்கள் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. நான் அப்போது அந்தமானில், ஹேவ்லாக் தீவில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் இருந்தேன். டாக்டர் போர்ட் பிளேரிலிருந்து எப்போதாவது படகில் வருவார். மற்ற நாட்களில் நானும், ஸ்ரீகாகுளத்துக்காரரான டிரெஸ்ஸர் அப்பல்ராஜுவும், வராந்தாவில் ஒரு மேஜையும்தான்.

அந்த மேஜையில்தான் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திச் சண்டை போடும் ஆட்டத்தை ஆரம்பித்தேன். கையில் காசில்லாமல் இப்படி ஒரு பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அவதிப்படும் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறேன். செலவில்லாமல் இரண்டு பட்டாளம் திரட்டினேன். அதைவிட, அந்தப் பட்டாளத்தைக் காட்டியே சூசை என்கிற மீன்காரரைக் கடைசி ஊசிவரை வர வைக்கப் பார்த்தேன். மனுஷன் ஊசியை நடுவில் நிறுத்தியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்.

கப்பல் விட்டுப்போன ஆபீசர்

ஹேவ்லாக்குக்கு மாற்றலாவதற்கு முன், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தேன். மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரையிலிருந்து கப்பலில் வந்த பம்பாய்க்கார ஆபீசர் ஒருவருக்குக் குடல்வால் ஆபரேஷன். கப்பல் அவருக்காகக் காத்திருக்குமா? போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை மனுஷன் கட்டிலில் கிடந்தார். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஈயச் சிப்பாய்கள் இருந்தன. போர்வையை விரித்து, முழங்காலை மடக்கி மலையாக்கி, என்னை எதிரில் உட்கார வைத்து ஆடுவார். ஒரு சிப்பாய் ஒரு தடவைக்கு ஒரு சாண் நகரலாம். பிறகு சுடலாம். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவுதான் சட்டம்.

இரண்டே நாளில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். சீமைச் சரக்கு என்றார். அதற்குமேல் விலை கேட்கிற அசட்டுத்தனத்தை நான் செய்யவில்லை. கப்பல் வந்த அன்று, துப்பாக்கி ஏந்தி நிற்கும் ஒரு சிப்பாயை என் கையில் வைத்தார். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று விழித்தேன். மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறேன். மிச்சப் பட்டாளத்தை நீ திரட்டிக்கொள்."

முதல் காயம்

திரட்ட முடியாது என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. ஹேவ்லாக்கில் ஈரம் பட்டுக் கெட்டுப்போய், தூக்கிப் போடச் சொல்லியிருந்த மாவுக்கட்டு மாவு ஒரு டின் கிடந்தது. அதைக் குழைத்து, ஆபீசர் கொடுத்த சிப்பாயை அமுக்கி, அச்சு எடுத்தேன். பிதுக்கித் தீர்ந்த களிம்பு டியூப்களை வெட்டி ஒரு பழைய கரண்டியில் போட்டு ஸ்டவ்வில் உருக்கினேன். எல்லாம் திட்டப்படி நடந்தது, மழைக்காலம் என்பது ஒன்றைத் தவிர. எங்கள் தீவில் மழைக்காலத்தில் உப்பே காய்வதில்லை, அச்சு எங்கே காயும்?

ஊற்றியதுதான் தாமதம், உள்ளே இருந்த ஈரம் சீறிக்கொண்டு கிளம்பி, உருகினதை வராந்தா முழுக்கத் துப்பியது. பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்ராஜு பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டார். அவர் வேட்டியில் மிளகளவு ஒரு ஓட்டை. விரலை அதில் விட்டுப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "சார், சண்டை ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள நம்ம பக்கம் ஒரு ஆளுக்கு அடி."

ஒரு குத்துக்கு ஒரு ஆள்

சூசை அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் சொல்பவர். மற்ற நாட்களில் தவறாமல் வாய்ச்சண்டை போடுபவர். இருமலில் ரத்தம் வந்து, டாக்டர் பார்த்து, தினமும் ஊசி என்று சொல்லிவிட்டுப் போனார். டுங்கிப் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டு அண்ணன் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தார். காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, ஆள் நின்றுவிட்டார். எல்லா நெஞ்சு நோய்க்காரர்களும் செய்கிற அதே தப்பு. விட்ட நோய் திரும்பி வந்தால் எந்த ஊசிக்கும் அடங்காது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஆளைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என் உபதேசம் காற்றோடு போனது. அலுத்துப்போய் மணலில் உட்கார்ந்தவன், பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த கணவாய் மீன் ஓடு ஒன்றைக் கையில் எடுத்தேன். கடல்நுரை என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிற அதே வெள்ளை ஓடுதான். பேச்சு வாக்கில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். நகம் அப்படியே பதிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு ஓடுகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்கி, பையில் இருந்த சிப்பாயை நடுவில் வைத்து அமுக்கிப் பிரித்தேன். பொத்தான்வரை பதிந்திருந்தது. காய வைக்க வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம், கரையெல்லாம் கிடக்கிறது.

சூசை அண்ணன் வலையைக் கீழே போட்டுவிட்டார். வலையின் ஓரத்தில் கட்டுகிற ஈயக் குண்டுகள் அவரிடம் ஒரு சாக்கு இருந்தன. அவர் ஈயம் தரட்டும், நான் வார்க்கிறேன், பட்டாளத்தில் பாதி அவருக்கு என்றேன். ஆனால் மொத்தமாகத் தர மாட்டேன். தினம் டிஸ்பென்சரிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு ஒவ்வொருவனாக அழைத்துப் போக வேண்டும். அவர் என்னையும் சிப்பாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார்: "ஒரு குத்துக்கு ஒரு ஆளு. சரி, வாரேன். ஆனா மூக்கு ஒழுங்கா இருக்கணும், கம்பவுண்டரே."

ஊதாவும் சிவப்பும்

மூக்கு ஒருவனுக்கும் ஒழுங்காக வரவில்லை. ஆனால் நிறம் பிரமாதமாக வந்தது. பெயிண்டுக்கு மெயின்லேண்டுக்குச் சொல்லியனுப்பினால் வந்து சேருவதற்குள் பென்ஷன் வாங்கிவிடலாம். எங்களிடமோ புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து இருந்தது, சிவப்பு மருந்து இருந்தது. பாட்டில் கழுவுகிற நேரத்தில் அடியில் ஒட்டிய மிச்சத்தில் கொஞ்சம் பிசின் குழைத்தால் போதும். அண்ணன் பட்டாளம் ஊதா, என் பட்டாளம் சிவப்பு.

வர்ணம் பூசிய சிவப்புக்காரர்களைத் திண்டில் வரிசையாகக் காய வைத்திருந்தேன். வயலில் அரிவாள் பட்ட கையோடு ஒரு வங்காளி அம்மாள் கட்டுப் போட வந்தார். தன் கையில் பூசின மருந்தையும் சிப்பாய்களையும் பார்த்தார். ஒருவனை எடுத்துத் திருப்பித் திருப்பி ஆராய்ந்துவிட்டு, நிஜமான கவலையோடு இந்தியில் கேட்டார்: "கம்பவுண்டர் பாபு, இஸ்கோ கஹான் சோட் லகா?" இவனுக்கு எங்கே அடிபட்டது என்று கேட்ட அந்த அம்மாளுக்கு நான் பதில் சொல்வதற்குள் அப்பல்ராஜு சொன்னார்: "மூக்குல, மாஜி."

தாயம்

படை சேர்ந்ததும் சட்டத்தை மாற்றினேன். ஊசிக்கு ஒரு சிப்பாய் என்பது போய், ஊசிக்கு ஒரு ஆட்டம் என்றாயிற்று. ஊசி போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால் அண்ணன் ஒரு தடவை ஆடலாம், நான் ஒரு தடவை. மிச்சம் நாளைக்கு. காயை யாரும் தொடக்கூடாது.

முதல் நாளே தகராறு. ஆபீசர் சொல்லிக்கொடுத்த சட்டப்படி பகடையில் ஒன்று விழுந்தால் சுட்டது வீண், சுட்டவனே காலி. அண்ணன் உருட்டினார். ஒன்று விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. நான் அவருடைய சிப்பாயை எடுத்து ஓரமாக வைத்தேன். அவ்வளவுதான். சட்டம் இப்படி என்றேன், கப்பல் ஆபீசர் சொன்னது என்றேன், சீமையில் எல்லோரும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்றேன். ஊசிக்கு நின்ற வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் தன் சிப்பாயை எடுத்த இடத்திலேயே திரும்ப நிறுத்தினார்: "தாயம் விழுந்து செத்தவன் எந்த ஊர்ல இருக்கான், கம்பவுண்டரே?"

டாக்டரின் கட்டளை

சீமைச் சட்டத்தைக் கைவிட்டேன். எங்கள் மேஜையில் தாயம் விழுந்தால் எதிராளி விழுவான், இன்னொரு தடவையும் உருட்டலாம்; பின்னால் வந்து முதுகில் தொட்டால் சுடாமலே கைதி. அன்றிலிருந்து அண்ணன் கையில் தாயம் குடியேறிவிட்டது. பாதி ஊசி முடிவதற்குள் என் பட்டாளத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் வந்து இறங்கினார். அவர் வங்காளி, அதிகம் சிரிக்காதவர். அரசாங்க மேஜையில் பொம்மைச் சண்டை நடப்பதைப் பார்த்தார். அண்ணன் நெஞ்சில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். ஒரு நாளாவது விட்டாரா என்று என்னிடம் கேட்டார். முன்பு ஒரு தடவை நின்றார், திரும்பி வந்த பிறகு ஒரு நாளும் இல்லை என்றேன். எதனால் என்றார். மேஜையைக் காட்டினேன். நெடுநேரம் நின்று நிலைமையை ஆராய்ந்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்து இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "நீ தோற்றால் இவன் வீட்டுக்குப் போய்விடுவான், அதனால் தோற்காதே. ஜெயித்தாலும் போய்விடுவான், ஜெயிக்கவும் ஜெயிக்காதே."

எதில் வந்தான்?

சொல்லிவிட்டுப் போவது சுலபம். மூக்கில்லாத ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பது? சாயந்திரம் உட்கார்ந்து நாலு பேரைப் புதிதாக வார்த்து, சிவப்புப் பூசி, மறுநாள் என் படையின் பின்வரிசையில் நைசாக நிறுத்திவைத்தேன்.

அண்ணன் கண்ணுக்கு அலைக்கு அடியில் போகிற மீனே தெரியும், இது தெரியாதா? யார் இவர்கள் என்றார். மெயின்லேண்டிலிருந்து வந்த உதவிப்படை என்று கூசாமல் அடித்துவிட்டேன். எங்கள் தீவுகளில் எந்தப் பொய்யும் சொல்லலாம், கப்பலைப் பற்றி மட்டும் சொல்லக்கூடாது. அரிசி, வெங்காயம், மணியார்டர், மாப்பிள்ளை எல்லாம் அதில்தான் வரும். கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அண்ணன் என் நாலு பேரையும் பொறுக்கி என் கையிலேயே கொடுத்தார்: "கப்பலு இன்னும் மெட்ராஸ விட்டே கிளம்பல. உங்க ஆளு மட்டும் நீந்தியா வந்தான்?"

கடைசி ஊசி

முடிவில் ஒப்பந்தம் போட்டோம்: போர்ட் பிளேரில் நிஜமாகவே கப்பல் வந்தால்தான் எனக்குப் புதுப்படை. கப்பலோ அந்தத் தடவை வந்தபாடில்லை. என் பக்கம் மூன்று பேர் மிஞ்சினார்கள். கெட்டுப்போன மாவுக்கட்டு மாவில் பிடித்த குன்றின் பின்னால் அவர்களை ஒளித்து, ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம் என்று நகர்த்தி நகர்த்தி, ஊசி தீரும்வரை காப்பாற்றிவிட்டேன். சேனாதிபதியாகப் பிறந்திருக்க வேண்டியவன் என்று அப்பல்ராஜுவிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஊசி அன்று டாக்டரும் வந்திருந்தார். குழாயைக் கழற்றிவிட்டு, நெஞ்சு சுத்தம், இன்னும் கொஞ்ச நாளில் கடலுக்குப் போகலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டு மேஜைக்கு வந்தார். "இப்ப முடிச்சிரட்டா?" என்றார். பகடையை எடுக்கவே இல்லை. குன்றுக்கும் மேஜை விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக மூன்று ஊதாக்காரர்களை நகர்த்தி, என் மூன்று பேரின் முதுகையும் தொட வைத்தார். முதுகில் தொட்டால் கைதி; அது எங்கள் சட்டம். சண்டை முடிந்தது. அந்த இடைவெளி வாரக்கணக்காக அங்கேயேதான் இருந்தது.

இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று கேட்டேன். கைதிகள் மூவரையும் பத்திரமாக என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "உங்க பொஞ்சாதி பிள்ளையெல்லாம் மெயின்லேண்டுல இருக்காங்க. சண்டைய முடிச்சிட்டா நீங்க ஒத்தையில பொம்மைய வச்சிக்கிட்டு என்ன செய்வீங்க? அதான் பல்லக் கடிச்சிக்கிட்டு நானும் தெனம் ஊசி போட்டுக்கிட்டேன்."

ஆகவே, காசில்லாமல் இந்த ஆட்டத்தை ஆரம்பிக்க நினைக்கும் சகோதரர்களே, ஈயமும் அச்சும் வர்ணமும் எப்படியாவது கிடைத்துவிடும், எதிரில் உட்காருகிறவரை மட்டும் உங்களைவிடப் பெரிய வைத்தியராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.