செய்திப் பக்கத்தில் நாற்பது நிமிடம்

எங்கள் பொறியியல் கல்லூரி இணையதளத்தில் ‘செய்திகளும் சாதனைகளும்’ என்றொரு பக்கம் உண்டு. பதினான்கு வருடம் அதை எழுதியவர் என் எதிர் மேசைக்காரர். டீனிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் அவர் நியூஸக்கா.

பேராசிரியர்கள் ஒன்றரைப் பக்கத்துக்குத் தங்கள் பெருமையை எழுதி அனுப்புவார்கள். அக்கா அதைப் பிழிந்து எட்டு வரியாக்குவார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ‘காப்புரிமை பெற்றார்’ என்று எழுதியிருந்தால் உடனே போனை எடுப்பார். “சார், கெடைச்சிருச்சா, இல்ல கேட்டிருக்கீங்களா?” மறுமுனையில் இருமல் சத்தம் கேட்கும். அக்கா திருத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு செய்தியை மட்டும் கேள்வி கேட்காமல் போட்டுவிட்டார். அது அவர் குடியிருந்த தெருவைப் பற்றிய செய்தி.

கல்லூரியின் பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தத் தெரு. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான்; பக்கத்திலேயே சாக்கடை. சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியரும் அவருடைய இறுதியாண்டு மாணவர்களும் ஒரு சுத்திகரிப்புக் கருவி செய்து, தெருமுனைத் தொட்டியில் பொருத்தி, ‘பாதுகாப்பான குடிநீர்’ என்று நீலப் பலகையும் மாட்டினார்கள். ‘நாள்தோறும் நானூறு குடும்பங்கள் பயன்பெறுகின்றன’ என்று பேராசிரியர் அனுப்பினார். அக்கா அதை அப்படியே தட்டினார். தன் தெரு கல்லூரிப் பக்கத்தில் வந்த சந்தோஷத்தில் அச்செடுத்துக்கொண்டு போய் வீடுவீடாகக் காட்டினார். “எங்க காலேஜ் கருவி. இனிமே யாரும் தண்ணி கொதிக்க வைக்க வேண்டாம். நான் சொல்றேன்ல?” என்றாராம். தெருவும் அவர் பேச்சை நம்பி அடுப்பை அணைத்தது.

ஏழு மாதம் கழித்து எதிர்வீட்டுத் தையல்காரிக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் வேறு ஐந்து வீடுகளிலும் தலா ஒருவர் படுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் டைபாய்டு என்றார்கள். அக்கா தையல்காரியைப் பார்க்கப் போனபோது அவள் கட்டிலில் எழுந்து உட்காரக்கூட முடியாமல், “என்ன குடிக்கிறீங்கன்னு டாக்டர் கேட்டாருக்கா. நல்ல தண்ணிதான் டாக்டர், காலேஜ்ல போட்டுக் குடுத்ததுன்னு சொன்னேன்,” என்றாள்.

மறுநாள் மதியம் அக்கா கல்லூரிப் பட்டறையிலிருந்து ஃபிட்டர் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். அண்ணன் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

“இங்க பாரும்மா. இந்தக் குழா ஃபில்டர் வழியா வருது. இது ஃபில்டரைத் தொடாம நேரா வர்றது. கிணத்துத் தண்ணில இரும்பு சாஸ்தி, ஃபில்டர் எப்பவோ அடைச்சுப்போச்சு. தண்ணி சொட்டுச் சொட்டா வந்திருக்கும். யாரோ இந்த நேர்க் குழாயைத் திறந்து விட்டுட்டாங்க.”

“அப்ப இத்தனை நாளா நாங்க குடிச்சது?”

“கிணத்துத் தண்ணிதான். அப்படியே.”

அண்ணன் குழாயை இறுக்கி மூடினார். அக்கா என் சட்டைப் பையிலிருந்த மார்க்கர் பேனாவை உருவி, அந்த நீலப் பலகையின் குறுக்கே ‘குடிக்காதீர்கள்’ என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

அங்கிருந்து நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனோம். அக்கா சொன்னதை அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்.

“அந்த ப்ராஜெக்ட் போன வருஷமே முடிஞ்சுபோச்சேம்மா. ரிப்போர்ட் குடுத்தாச்சு. பசங்களும் பாஸ் பண்ணிட்டுப் போயிட்டாங்க.”

“குழாய் முடியல சார். இப்ப வரைக்கும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நேர்க் குழாயை யார் சார் திறந்தது?”

“அது… மதிப்பீட்டுக் குழு பார்க்க வந்த அன்னிக்குத் தண்ணி வரல. பசங்க ஏதோ தற்காலிகமா பண்ணாங்க. அப்புறம் பரீட்சை வந்திருச்சு. பராமரிப்பெல்லாம் தெருக்காரங்கதான் பார்த்துக்கணும்.”

“எங்ககிட்ட யாரு சொன்னா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் வெளியே வந்தோம்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதே பேராசிரியரிடமிருந்து அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கருவிக்கு தேசிய அளவில் முதல் பரிசாம். செய்தியை உடனே போட வேண்டுமாம். கூடவே ஒரு படம்: தொட்டிக்கு முன்னால் பேராசிரியர், பக்கத்தில் சிரித்துக்கொண்டு வாளியுடன் அந்தத் தையல்காரி.

அக்கா தட்டச்சுப் பலகையை அடித்த அடியில் என் மேசை மேல் இருந்த தேநீர் ஆடியது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். அதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. பக்கத்தில் வந்த செய்தி இதுதான்:

‘நம் சுற்றுச்சூழல் துறையின் குடிநீர்க் கருவிக்கு முதல் பரிசு கிடைத்துள்ளது. கருவி பதினொரு நாள் வேலை செய்தது. அதன்பின் ஏழு மாதம் சுத்திகரிக்காத தண்ணீர் வந்தது. ஆறு பேருக்கு டைபாய்டு. படத்தில் உள்ள பெண் மருத்துவமனையில் இருக்கிறார்.’

பதினொரு நாள் என்பது, குழாயில் தண்ணீர் மெலிந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் சொன்ன கணக்கு.

செய்தி நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டு அக்காவை டீன் அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தக்கூட டீனுக்குப் பொறுமையில்லை. அலுவலகம் முழுக்கக் கேட்டது.

“காலேஜ் மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே! யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“போன தடவை யாரையும் கேக்காமத்தான் சார் போட்டேன். அப்ப நீங்க பாராட்டுனீங்க.”

“இது உங்க சொந்தப் பிரச்சினை. அதுக்கு இந்தப் பக்கத்தை உபயோகிக்கக் கூடாது.”

“நானூறு குடும்பம்னு போட்டிருந்தோமே சார், எங்க தெருவுல மொத்தமே அறுபத்தெட்டு வீடு! அங்கயே குடியிருக்கிறவ நான். என் கையாலதான் தட்டினேன். பொய்னு தெரிஞ்சேதான் தட்டினேன், நம்ம காலேஜ்தானே, கொஞ்சம் கூட இருந்தா என்னன்னு. அந்தப் பேப்பரைக் காட்டி நான்தான் சார் அவங்களைக் குடிக்க வெச்சேன்! நீங்க மானத்தைப் பத்திப் பேசுறீங்க!”

அக்கா சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டீன் குரல் அதற்கப்புறம் தாழ்ந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்றார். அக்கா எழுதினார். தெருக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அறுபத்தெட்டுப் பிரதி எடுத்து, வீடுவீடாகக் கொடுத்துவிட்டு, தன் வீடு போக மிஞ்சிய ஒன்றை டீன் மேசையில் வைத்தார். மறுநாளே பழைய விடைத்தாள்கள் அடுக்கியிருக்கும் கிடங்குக்கு மாற்றல் வந்தது. ஜன்னல் இல்லாத அறை.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் யாரோ செய்தியைப் படம்பிடித்துப் பரிசுக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். பரிசை நிறுத்தி வைத்து, நேரில் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொன்னதும் பேராசிரியருக்குக் கால் முளைத்துவிட்டது. மூன்றே நாளில் புது ஃபில்டர், இரும்பைப் பிரிக்க இன்னொரு தொட்டி, வாரம் ஒருமுறை கழுவ ஆள். ஏழு மாதம் முடியாதது மூன்று நாளில் முடிந்தது.

வேலை முடிந்ததும் அவர் படமெடுக்க ஆள் கூட்டி வந்தார். பெண்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெறும் தொட்டியோடு நின்று படமெடுத்துக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துப் பரிசையும் கொடுத்துவிட்டார்கள்.

தையல்காரி பிழைத்து வந்தாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, இரண்டு மாதம் மெஷினை மிதிக்க முடியாமல் கிடந்தாள். கல்லூரியிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அக்காவிடம் அவள் கோபப்படவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. “ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா பரவால்ல. நீங்க என்னக்கா பண்ணுவீங்கன்னு கேக்குறா,” என்று என்னிடம் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். இன்றும் அவர் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க விடுவதில்லை.

செய்திப் பக்கம் இப்போது என் கையில். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. போன வாரம் வேறொரு துறையிலிருந்து ‘இரண்டாயிரம் விவசாயிகள் பயன்பெற்றனர்’ என்று வந்தது. அவர்களுடைய ஊரும் தொலைபேசி எண்ணும் உள்ள பட்டியல் கேட்டு எழுதினேன்.

“எதுக்குப்பா உனக்கு இந்த வேலை?” என்று போனில் சீறினார் அந்தப் பேராசிரியர்.

“ஒரு பத்துப் பேர்கிட்டயாவது பேசணும் சார்.”

போனை வைத்துவிட்டார். நேற்றும் டீன் அலுவலகத்திலிருந்து அந்தச் செய்தி ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பட்டியல் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.