தொண்ணூறு செக்கன்

பவர் பட்டனை அமுக்கிய கையோடு தங்கையாவின் மற்றக் கை ஷிஃப்ட் பட்டனில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் கம்பனிப் படம் வந்து பல்லைக் காட்டுவதற்குள் பிடித்துவிட வேண்டும். ஒரு மூச்சுப் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. அவர் பிந்தி யாரும் பார்த்ததில்லை. கறுப்புத் திரையில் நாலு வரிப் பட்டியல் விழுந்ததும், கதிரையை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துக்கொண்டு, "சொல்லுடா ராசா, எங்க நோவுது?" என்பார்.

கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் பார்க்கிற மனுசன். வயது ஐம்பத்தெட்டு. ஹற்றன் பக்கத்துத் தோட்டத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்து, ரேடியோக் கடையில் ஈயம் பற்றவைத்துத் தொழில் பிடித்தவர். பையில் ஸ்குரூ டிரைவர் கிடக்கும். ஆனால் அது வெளியே வருவது கடைசியில்தான். வந்ததும் வராததுமாக மூடியைக் கழற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "வயித்துவலின்னு வந்தவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, வயித்தக் கிழிக்கிறானுங்க."

அவருடைய வழி வேறு. கொம்பியூட்டர் எழும்பும்போது உள்ளே ஆயிரம் வேலை செய்கிறது. அதையெல்லாம் ஓர் அழகான படத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டுச் சும்மா இருப்பதுபோல் பாவனை காட்டும். அந்த நாலு வரிப் பட்டியலில் நிறுத்தி, படத்தைப் போடு, சத்தம் காட்டாதே என்று சொல்கிற இரண்டு சொற்களை அழித்துவிட்டால், அந்த ஒரு தடவைக்குப் படம் போய்விடும். செய்கிற வேலை முழுவதும் எழுத்தாக ஓடும். எந்த வரியில் நிற்கிறதோ, நோவு அங்கே.

கொம்பியூட்டரோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேச்சுக் கிடையாது. கொடுக்கிற பிளேன்டீயை ஆறவிட்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விடுவார். போன் அடித்தால் ஹலோ இல்லை. "எழும்புதில்லையா?" என்றுதான் எடுப்பார். வேறு காரியத்துக்கு அவரை அழைக்க ஆளில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர் என்பதால், ஒருமுறை அழைத்த வீடு மூன்று நாலு வருடத்துக்கு மறுபடி அழைப்பதுமில்லை.

மனைவி ராக்கம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்ப் பத்தொன்பது வருடம். நாலு வருடம் கடிதம் வந்தது, அதன்பிறகு ஒன்றுமில்லை. வருடா வருடம் வாக்காளர் படிவத்தில் தன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதிக் கொடுப்பார். கிராம சேவகர் சிங்களத்தில், "நோனா ஆவாத?" என்று கேட்பார். வந்துவிட்டாளா என்று. "எனவா சேர்," என்பார் இவர். வருவாள் என்று. இருவரும் அதற்குமேல் கதைப்பதில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் மெற்றில்டா வீட்டிலிருந்து அழைப்பு. புதுக்கடை கோர்ட் லோயர்மாருக்கு வீட்டிலிருந்தே தமிழில் டைப் அடித்துக் கொடுக்கிற பெண்மணி. ஒரே தோட்டத்தில் குடியிருக்கும் நாற்பத்தொரு குடும்பங்கள், எழும்பிப் போகச் சொன்னவர்களுக்கு எதிராக வழக்குப் போட்டிருந்தன. அவர்களுடைய சத்தியக்கடதாசிகள் அத்தனையும் அந்தக் கொம்பியூட்டருக்குள். திங்கட்கிழமை காலையில் கோர்ட்டில் கொடுக்க வேண்டும்.

"தம்பி, வெள்ளவத்தையில ஒருத்தன்ட்ட காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணுமாம். நாப்பத்தொரு குடும்பம் தம்பி. நான் அந்தச் சனங்கட முகத்தில எப்படி முழிக்கிறது?"

"அழிக்கிறதுக்கு என்னத்துக்குக்கா கடை? சுத்தியல் போதுமே," என்று சொல்லிக்கொண்டே, அவர் வீட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்த தங்கையா பட்டனை அமுக்கினார்.

எழுத்துகள் சரசரவென்று ஓடின. பாதியில் ஒரு வரி நின்றுவிட்டது. சிவப்புப் புள்ளி ஒன்று வாசலில் நடைபோடும் மனுசனைப்போல இங்கும் அங்கும் போய்வந்தது. பக்கத்தில் செக்கன் கணக்கு ஏறியது.

"என்னவாம்?"

"யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கிது."

தொண்ணூறு செக்கன் காத்திருந்தது. பிறகு கையை விரித்துவிட்டு, மேலே போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. தங்கையா அந்த வரியைக் குனிந்து வாசித்தார். அவர் முகம் சுருங்கியது.

"பின்னால ஒரு சின்ன டிஸ்க் சொருகியிருந்துச்சே, எங்க?"

"அதா? மகள் ஷெரோமிட படமெல்லாம் அதிலதானே இருந்திச்சு. செவ்வாக்கிழம இத்தாலிக்குப் போறப்ப கொண்டு போயிட்டா."

மூன்று வருடத்துக்கு முன் அந்த டிஸ்க்கைச் சொருகிக் கொடுத்தது தங்கையாதான். எழும்பும்போது இதுவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உள்ளே எழுதி வைத்ததும் அவர்தான்.

"பிழை இதுல இல்லக்கா. என்னோடது. இருக்கிறது எப்பவும் இருக்கும்னு எழுதிப்புட்டேன்."

மறுபடி போட்டார். இந்தமுறை பட்டியலில் இருந்த வரியின் முடிவில் ஒரு சொல்லைச் சேர்த்தார். மற்ற எல்லாம் தூங்கட்டும், எலும்பு மட்டும் எழும்பினால் போதும் என்கிற கட்டளை. கறுப்புத் திரையில் தான் எழுதிய பழைய வரியைத் தேடிப் பிடித்தார். அதை அழித்தால் காரியம் முடிந்தது. யாரும் அதைத்தான் செய்வார்கள்.

"அழிச்சிடுங்களேன் தம்பி. இல்லாத சாமான்தானே," என்றார் பின்னால் நின்ற மெற்றில்டா.

தங்கையாவின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

"அந்தப் புள்ள திரும்பி வருமாக்கா?"

மெற்றில்டா மேசையில் கிடந்த தாள்கட்டை எடுத்து, தட்டி நேராக்கி, அதே இடத்தில் வைத்தார். "அதெல்லாம் நாங்க கதைக்கல்ல."

தங்கையா வரியை அழிக்கவில்லை. அதற்குள் ஒரு சொல்லை நுழைத்தார். வந்தால் சேர்த்துக்கொள், வராவிட்டால் நிற்காதே, உன் பாட்டுக்கு எழும்பு என்று பொருள்படுகிற சொல். அடித்து முடித்தபின், சரியாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

பட்டனை அமுக்கினார். எழுத்துகள் ஓடின. அந்த வரி வந்தது, நிற்காமல் போனது. மெற்றில்டா அவரைத் தள்ளாத குறையாகக் கதிரையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்தின் பெயராகத் திறந்து பார்த்தார். நாற்பத்தோராவது பெயரும் திறந்தபோது சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலே பிளேன்டீ ஊற்றக் குசினிக்குப் போனார்.

தங்கையா மேசைக்குப் பின்னால் குனிந்தார். டிஸ்க் இருந்த துளை வெறுமையாக இருந்தது. வாயால் ஊதினார். பையிலிருந்து வெள்ளை பிளாஸ்டர் ஒரு துண்டு கிழித்து, பேனாவால் ஷெரோமி என்று எழுதி, துளைக்கு மேலே ஒட்டினார். விளிம்பு நான்கும் நன்றாகப் பிடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.