வாசலில் கிடந்த பேப்பர்

அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அம்மாவுக்கு, அமெரிக்கச் சின்ன ஊர் ஒன்றின் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் துப்புத் துலக்கும் நாவல்கள் என்றால் உயிர். கொலைகாரன் எவனாக இருந்தால் அவளுக்கென்ன? அந்த ஊரில் தனியாக இருக்கும் ஒருத்தியின் வாசலில் பேப்பர் எடுக்கப்படாமல் கிடந்தால் போதும், ஷெரிஃபுக்கு மூக்கில் வேர்த்துவிடும். வந்து கதவைத் தட்டிவிடுவார். அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

நம் மாடியில் எந்த மகராசன் வருகிறான், பார்ப்போமே என்று ஒருநாள் அவளுக்கு வீம்பு வந்தது. பேப்பரை எடுக்காமல் விட்டாள். மறுநாளும் விட்டாள். ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காலடிச் சத்தம் வாசல்வரை வரும், தட்டாமலே திரும்பிவிடும்.

பொறுமை போய், வாரக் கடைசியில் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பேப்பர்கூட இல்லை. எதிர்வீட்டு மருமகள்தான் தலையை நீட்டினாள்.

"அட, உள்ளதான் இருக்கீங்களாம்மா? நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சு நாந்தான் எடுத்துப் படிச்சேன். இருங்க, தந்துடறேன். குறுக்கெழுத்து மட்டும் போட்டுட்டேன்."

டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நன்றாக நாலு கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"நாளையிலேர்ந்து நீயே எடுத்துக்கோ. படிச்சு முடிச்சதும் கதவைத் தட்டிக் குடு."